கல்லூரி பேஸ்பால் அணிக்கு வரலாறு எழுதுவது எப்படி: ஈரோட்டிலிருந்து ஒரு நூலகரின் குறிப்புகள்

ஈரோடு மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஓய்வுக்குப் பிறகு எங்கள் கல்லூரி பேஸ்பால் அணியின் வரலாற்றைத் தொகுத்து ஒரு சிறு புத்தகமாக அச்சிட்டோம். அது கைமாறிப் போனதிலிருந்து கோபி, தாராபுரம், நாமக்கல் பக்கத்துக் கல்லூரிகளில் இருந்தெல்லாம் கூப்பிடுகிறார்கள். "ஏனுங்க மேடம், எங்க டீமுக்கும் இப்படி ஒண்ணு எழுதோணும், எங்கிருந்து ஆரம்பிக்கிறதுங்க?" ஒவ்வொருவருக்கும் போனில் சொன்னதைச் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். எந்த விளையாட்டுக்கும் இதில் பாதி பொருந்தும். மீதி பேஸ்பாலுக்கே உரியது.

எதை எழுதப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். கோப்பைகள் முதல்வர் அறை அலமாரியில் பத்திரமாக இருக்கும். அவற்றின் பட்டியல் வரலாறு ஆகாது. எந்த ஆண்டில் யார் யார் ஆடினார்கள், எந்த இடத்தில் நின்றார்கள், எங்கே போனார்கள் என்பதே உங்கள் புத்தகத்தின் முதுகெலும்பு. சோமனூர்த் தறிக்குடும்பத்துப் பையன்களும் சென்னிமலை நெசவாளர் வீட்டுப் பெண்களும், தெருவெல்லாம் கிரிக்கெட் ஆடிய காலத்தில், பார்க்க ஆளில்லாத ஒரு ஆட்டத்தை வெயிலில் நின்று ஆடினார்கள். அவர்கள் பெயர் தலைப்பெழுத்தோடு சரியாக அச்சில் வர வேண்டும். அதற்காகத்தான் இத்தனை வேலையும்.

தொடக்கம் எங்கே என்று கேட்டால் ஆளுக்கு ஒரு ஆண்டு சொல்வார்கள். யாரிடமும் கேட்கும் முன் உடற்கல்வித் துறையின் ஸ்டாக் ரிஜிஸ்டரை எடுங்கள். பேஸ்பாலை வெறும் கையோடு ஆட முடியாது. கிளவுஸ் வேண்டும், மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கு முகமூடியும் மார்புக் கவசமும் வேண்டும். ஜலந்தரில் இருந்தோ மீரட்டில் இருந்தோ அந்தச் சாமான் முதன்முதலில் வந்து இறங்கிய தேதி ரிஜிஸ்டரில் வவுச்சர் எண்ணோடு இருக்கும். கழித்துக் கட்டிய பொருட்களின் பட்டியலையும் விடாதீர்கள். கிழிந்த கிளவுஸ்கள் ஒரே ஆண்டில் நிறையக் கழிக்கப்பட்டிருந்தால் அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஆட்டம் மும்முரமாக நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது பயணப்படி பில்கள். அணி வெளியூர் போனால் ஒவ்வொரு பிளேயரும் கையெழுத்துப் போட்டுத்தான் படியை வாங்கியிருப்பார். ரயில் சலுகைக்கு அனுப்பிய பட்டியலின் நகலும் சில கோப்புகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். போட்டிக்குப் போன நாட்களுக்கு வருகை கேட்டுக் கொடுக்கும் ஆன் டியூட்டி படிவங்கள் துறை அலுவலகங்களில் கட்டுக்கட்டாகக் கிடக்கும்; தணிக்கை முடிந்ததும் பழைய பேப்பர் கடைக்குப் போவது பெரும்பாலும் இவைதான். அதனால் நேர்காணல், எழுத்து எல்லாவற்றுக்கும் முன்னால் இவற்றைப் போன் கேமராவிலாவது படம் பிடித்து வையுங்கள். ஒரு பெயர் உங்கள் பட்டியலில் ஏற வேண்டுமானால் குறைந்தது இரண்டு தனித்தனி ஆவணங்களில் அது இருக்க வேண்டும் என்று நான் விதி வைத்துக்கொண்டேன். நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டு எழுதும்போது கல்வியாண்டாக எழுதுங்கள். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகள் பெரும்பாலும் டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் வரும். "1999-ல் போனோம்" என்று ஒருவரும் "2000-ல் போனோம்" என்று இன்னொருவரும் சொல்வது ஒரே பயணமாக இருக்கலாம். 1999-2000 என்று எழுதினால் சண்டை தீர்ந்தது.

கொங்கு நாட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. நம் கல்லூரிகள் எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன என்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 1982-ல் பாரதியார் பல்கலைக்கழகம் உருவாகும் வரை கோவை, ஈரோடு கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. சேலம், நாமக்கல் பக்கம் 1997-ல் பெரியார் பல்கலைக்கழகம் வரும் வரை அதே நிலைதான். பொறியியல் கல்லூரிகள் 2001-ல் அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போயின. 2007-ல் கோவைக்கென்று தனி அண்ணா பல்கலைக்கழகம் பிரிந்து, சில ஆண்டுகளில் மீண்டும் தாயோடு சேர்ந்தது. ஆகவே ஒருவர் "யூனிவர்சிட்டி பிளேயர்" என்றால் எந்த யூனிவர்சிட்டி என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மாவட்டப் பெயரிலும் இதே கவனம் வேண்டும். 1979-ல் கோவையிலிருந்து பிரிந்தது பெரியார் மாவட்டம். 1996-ல் அது ஈரோடு மாவட்டம் ஆனது. 2009-ல் காங்கயமும் தாராபுரமும் புதிய திருப்பூர் மாவட்டத்துக்குப் போயின. ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பி சான்றிதழ்களில் வேறு வேறு மாவட்டம் இருந்தால் திகைக்க வேண்டாம். சான்றிதழில் உள்ளபடியே எழுதி, அடைப்புக்குறிக்குள் இன்றைய பெயரைக் கொடுங்கள்.

சான்றிதழ் என்றதும் ஃபார்ம் 3 நினைவுக்கு வருகிறது. பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர்கள் விளையாட்டு ஒதுக்கீட்டில் மத்திய அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இணைக்கும் படிவம் அது. ரயில்வேயிலோ தபால் துறையிலோ சேர்ந்தவர்கள் வீட்டில் பீரோவுக்குள் லேமினேட் செய்து வைத்திருப்பார்கள். பெயர், போட்டி, தேதி, இடம் எல்லாம் ஒரே தாளில் கிடைக்கும். உங்கள் கையில் கிடைக்கக்கூடிய மிக நம்பகமான தாள் இதுதான்.

இனி புகைப்படம். இந்தியாவில் பேஸ்பாலுக்கு அகில இந்திய அமைப்பு உருவானது 1980களில்தான். அதைப் போலவே பெரிய பந்தால் ஆடும் சாஃப்ட்பால் அதற்கு முன்பே இங்கே ஊன்றியிருந்தது, இரண்டையும் ஒரே பிளேயர்கள் ஆடினார்கள், ஒரே மைதானத்தில் ஆடினார்கள். அதனால் பழைய படங்களில் சாஃப்ட்பால் அணி பேஸ்பால் அணி என்று தலைப்பிடப்பட்டிருக்கும், அல்லது தலைகீழாக இருக்கும். பந்தைப் பாருங்கள். பேஸ்பாலின் சுற்றளவு 9 அங்குலத்தை ஒட்டி இருக்கும், சாஃப்ட்பால் 12 அங்குலம். விரல்களுக்குள் அடங்கி இருக்கிறதா, கை நிறைய இருக்கிறதா என்று பார்த்தாலே தெரியும். ஆடும்போது எடுத்த படமானால் பந்து வீசும் பிட்சரின் கையைக் கவனியுங்கள். சாஃப்ட்பாலில் இடுப்புக்குக் கீழிருந்து வீசுவார்கள், தட்டைத் தரையில் நிற்பார்கள். பேஸ்பால் பிட்சர் மண் மேட்டின் மேல் நிற்பார். விதிப்படி அதன் உயரம் 10 அங்குலம். நம் மைதானங்களில் மேடு போடாமலும் ஆடியிருக்கிறார்கள் என்பதால் மேட்டை மட்டும் நம்ப வேண்டாம். ரன் எடுக்க ஓடித் தொடும் முனைகளான பேஸ்களுக்கு இடையிலான தூரம் பேஸ்பாலில் 90 அடி, சாஃப்ட்பாலில் 60 அடி. பின்னணியில் கல்லூரிக் கட்டடமோ வேப்பமரமோ தெரிந்தால், அதே இடத்தில் போய் நின்று நாடாவால் அளந்து பார்த்துவிடலாம்.

அட்டையில் ஒட்டிய குழுப் படங்களின் அடியில் "இடமிருந்து வலம்" என்று பெயர்கள் அச்சிட்டிருக்கும். அட்டையோடு சேர்த்துப் படம் எடுங்கள். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முதல்வரையும் உடற்கல்வி இயக்குநரையும் அடையாளம் கண்டால் ஆண்டு கிட்டத்தட்டப் பிடிபடும். அவர்கள் பணியில் இருந்த காலம் கல்லூரிப் பதிவேட்டில் இருக்கும்.

ஸ்கோர் புத்தகம் கிடைத்தால் கொண்டாடுங்கள். பெரும்பாலான கல்லூரிகளில் கிடைக்காது. கிடைத்தவர்கள் அதைப் படிக்கத் தெரியாமல் ஓரத்தில் வைத்துவிடுகிறார்கள். ஆடுமிடங்களுக்கு எண் உண்டு: பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட் ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையில் நிற்பவர்) 6, இடது ஃபீல்டு 7, நடு ஃபீல்டு 8, வலது ஃபீல்டு 9. ஒருவர் மட்டை பிடித்த முறைக்கான கட்டத்துக்குள் 6-4-3 என்று எழுதியிருந்தால் ஷார்ட் ஸ்டாப் எடுத்து, இரண்டாம் பேஸுக்கு எறிந்து, அங்கிருந்து முதல் பேஸுக்குப் பந்து போயிருக்கிறது. பெரும்பாலும் இரண்டு பேர் அவுட். ஆங்கில "கே" எழுத்து ஸ்டிரைக் அவுட், அதாவது அடிக்கத் தவறிய அல்லது அடிக்க வேண்டியும் விட்டுவிட்ட பந்து (ஸ்டிரைக்) மூன்று ஆனதால் அவுட். அதே எழுத்தைத் திருப்பிப் போட்டிருந்தால் மூன்றாவது ஸ்டிரைக்குக்கு அவர் மட்டையைச் சுழற்றவே இல்லை.

எழுதியவர் சரியாக எழுதினாரா என்று சோதிக்க ஒரு வழி இருக்கிறது. மட்டை பிடிக்க வந்த ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒன்றாகத்தான் முடிய வேண்டும்: ரன், அல்லது அவுட், அல்லது இன்னிங்ஸ் முடியும்போது பேஸிலேயே நின்றுபோவது. ஒன்பது இன்னிங்ஸும் ஆடிய அணிக்கு 27 அவுட். 5 ரன் எடுத்து, 7 பேர் பேஸில் நின்றிருந்தால் கூட்டல் 39. ஒன்பது பேர் வரிசையில் நான்கு சுற்று 36, மீதி 3. ஆகவே முதல் மூன்று பேர் ஐந்து முறையும் மற்றவர்கள் நான்கு முறையும் வந்திருக்க வேண்டும், கடைசியாக மட்டை பிடித்தவர் வரிசையில் மூன்றாவது ஆள். கட்டங்களை எண்ணிப் பாருங்கள். ஒத்துவந்தால் அந்தப் பக்கத்தை நம்பலாம். இரண்டாவதாக மட்டை பிடிக்கும் அணி எட்டாவது இன்னிங்ஸ் முடிவிலேயே முன்னணியில் நின்று ஒன்பதாவதில் எதிரணியும் எட்டிப் பிடிக்கவில்லை என்றால் அது மறுபடி ஆடத் தேவையில்லை. அதற்கு 24 அவுட் என்று கணக்கிடுங்கள்.

செய்தித்தாள்களில் கோவைப் பதிப்புகளின் உள்ளூர்ப் பக்கங்களைத் தேடுங்கள். தேதி தெரியாமல் போய் உட்கார்ந்தால் பொழுதுதான் போகும். பயணப்படி பில்லில் தேதியைப் பிடித்துக்கொண்டு அதற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் பாருங்கள். உள்ளூரில் கட்டு கிடைக்காவிட்டால் சென்னையில் கன்னிமாரா நூலகம் இருக்கிறது.

இவ்வளவும் கையில் வந்த பிறகுதான் ஆட்களைப் பார்க்கப் போக வேண்டும். வெறுங்கையோடு போனால் பேச்சு கோப்பையைச் சுற்றியே வரும். படத்தை அச்செடுத்துக் கொண்டுபோய் அவர்கள் கையில் கொடுங்கள். "என்னென்ன ஜெயிச்சீங்க?" என்று கேட்காதீர்கள். "ரயில்ல உங்க பக்கத்துல யாருங்க உக்காந்தாங்க? கிளவுஸ் பத்தாதப்ப யாருது வாங்கிப் போட்டீங்க? அடிபட்டப்ப யாரு கூட்டிட்டுப் போனாங்க?" என்று கேளுங்கள். பெயர்கள் தானாக வந்து விழும். பாலைச் சொசைட்டியில் ஊற்றிவிட்டு வரும் நேரம் தெரிந்து தோட்டத்துக்குப் போங்கள். முகூர்த்த நாளில் போகவே வேண்டாம். பங்குனியில் ஈரோடு பெரிய மாரியம்மன் நோம்பிக்கு வெளியூரில் இருப்பவர்கள் வருவார்கள், அப்போது ஒரே வீட்டில் நான்கு பேரைச் சேர்த்துப் பார்க்கலாம். ஒருவர் நினைவை இன்னொருவர் திருத்துவார். அதை ஒலிப்பதிவு செய்ய முதலிலேயே அனுமதி கேளுங்கள்.

பெண்கள் அணியின் வரலாற்றுக்குக் கூடுதல் உழைப்பு வேண்டும், அதைக் கொடுங்கள். திருமணத்துக்குப் பிறகு தலைப்பெழுத்து மாறியிருக்கும். அப்பாவின் எழுத்தில் ஆடியவர் கணவரின் எழுத்தில் வாழ்கிறார். இரண்டையும் போடுங்கள், தேடுகிறவர்களுக்குக் கிடைக்க வேண்டும். அதைவிட முக்கியமான ஒன்று. பயணப்படி பில்லில் போனவர்கள் பெயர் மட்டுமே இருக்கும். அணிக்குத் தேர்வாகியும் வீட்டில் விடாததால் போக முடியாதவர்கள் அதில் இல்லை. சென்னிமலைப் பக்கம் ஒரு ஷார்ட் ஸ்டாப்பைப் பார்த்தேன். பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானார், அண்ணன் வேண்டாமென்றார், நின்றுவிட்டார். தேர்வுக் கடிதத்தை இன்றும் ரேஷன் கார்டு வைக்கும் பையில் வைத்திருக்கிறார். "நான் ஆடலியேங்க, எம் பேரு எதுக்குங்க?" என்றார். அவர் பெயரைத் "தேர்வானவர்கள்" என்ற தனிப் பட்டியலில் அந்த ஆண்டின் கீழேயே போட்டோம். எங்கள் புத்தகத்தில் நான் மிகவும் அக்கறைப்பட்ட பக்கம் அது. உங்கள் கல்லூரியிலும் இப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டிய சுற்றறிக்கையின் அலுவலக நகலைத் தேடுங்கள், அதில் அவர்கள் இருப்பார்கள்.

எழுத உட்காரும்போது "முதல்" என்று எழுதும் இடத்தில் எல்லாம் நின்று யோசியுங்கள். முதல் பயிற்சியா, முதல் கல்லூரிப் போட்டியா, பல்கலைக்கழக அணியில் முதல் பிளேயரா? அமெரிக்காவில் கல்லூரிகளுக்கு இடையிலான முதல் பேஸ்பால் ஆட்டம் 1859 ஜூலை 1 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிட்ஸ்ஃபீல்டில் நடந்தது. ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரி வில்லியம்ஸ் கல்லூரியை 73-32 என்று வென்றது. ஆனால் ஆடியது மாசசூசெட்ஸ் விதிப்படி, ஒரு பக்கத்துக்கு 13 பேர். இன்றைய ஒன்பது பேர் ஆட்டம் அது இல்லை. அங்கே அந்த ஆட்டத்தைக் குறிப்பிடுகிறவர்கள் எந்த விதி என்பதையும் சேர்த்துச் சொல்வது அதனால்தான். நீங்களும் "இன்னின்ன ஆவணப்படி முதல்" என்று எழுதுங்கள்.

அணி இல்லாத ஆண்டுகளையும் எழுதுங்கள். ஜப்பானில் வாசேதா, கெய்யோ பல்கலைக்கழகங்கள் 1903-ல் ஆடத் தொடங்கிய போட்டி, ரசிகர்களின் ஆவேசம் எல்லை மீறியதால் 1906-ல் நின்று 1925-ல்தான் மீண்டது. அந்த இடைவெளியைச் சொல்லாமல் அங்கே யாரும் அந்தப் போட்டியின் கதையைச் சொல்வதில்லை. நம் கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநர் பணியிடம் காலியாக இருந்த ஆண்டு, மைதானத்தில் புதுக் கட்டடம் எழுந்த ஆண்டு, கொரோனாவால் கல்லூரி மூடிக்கிடந்த 2020-21 எல்லாவற்றுக்கும் தலைப்பு கொடுத்து, காரணத்தை ஒரே வரியில் எழுதுங்கள்.

நடை எளிமையாக இருக்கட்டும். வெற்றிகளுக்கு அடைமொழி வேண்டாம், ஸ்கோர் போதும். முதல்வர் வாழ்த்துரை, தாளாளர் வாழ்த்துரை எல்லாம் வரும். அவற்றை வாங்கிப் பின்பகுதியில் போடுங்கள், முதல் பக்கம் பிளேயர்களுக்கு. அச்சுக்குப் போகும் முன் பட்டியலை மட்டும் அச்செடுத்துப் பழைய பிளேயர்களின் வாட்ஸாப் குழுவில் போட்டு, திருத்தங்களுக்கு ஒரு மாதம் கொடுங்கள். ஆதாரத்தோடு வரும் திருத்தத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆதாரமில்லாததை "நினைவின்படி" என்று குறித்துத் தனியே போடுங்கள், தூக்கி எறிய வேண்டாம்.

பிரதிகளைக் கல்லூரி நூலகத்தில் மட்டும் வைக்காதீர்கள். பல்கலைக்கழக நூலகம், மாவட்ட மைய நூலகம், கன்னிமாரா மூன்றுக்கும் அனுப்புங்கள். ஸ்கேன் செய்த ஆவணங்களை உடற்கல்வித் துறை, நூலகம், பழைய மாணவர் சங்கம் என மூன்று இடங்களில் வையுங்கள். இனி வரும் ஆண்டுகளுக்கு ஒரே தாளில் படிவம் தயாரித்துக் கொடுங்கள்: கல்வியாண்டு, பல்கலைக்கழகம், போட்டி, இடம், தேர்வானவர்கள், போனவர்கள், ஆடுமிடம், ஸ்கோர். அணி ஈரோடு ஜங்ஷனில் ரயில் ஏறும் முன்பே பெயர்களை நிரப்பி வாங்கிவிட வேண்டும். திரும்பி வந்த பிறகு கேட்டால் தேர்வு நெருங்கிவிடும், யாரும் தர மாட்டார்கள்.