பட்டன் தேயாத டயருக்கும் வயதாகும்: ட்ரெய்லர் டயரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பட்டன் புதுசாத்தானே இருக்கு, இந்த சீசனும் ஓட்டிடலாம்." ட்ராவல் ட்ரெய்லர், அதாவது வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற பயண வீடு, வைத்திருப்பவர்களில் இதைச் சொல்லாதவர்கள் குறைவு. (பட்டன் என்பது டயரில் சாலையைத் தொடுகிற, பள்ளம் வெட்டிய ரப்பர்.) நானும் சொல்லியிருக்கிறேன். கோடையில் ஒரு மதியம், ஹைவேயில் போய்க்கொண்டிருந்தபோது பக்கத்து லேனில் வந்தவர் ஹாரன் அடித்துக் கையைக் காட்டினார். இழுத்துப் போகிற வண்டியின் ஸ்டீயரிங்கில் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால், ட்ரெய்லரின் இடது பின் டயரில் மேல் ரப்பர் பட்டையாக உரிந்து தொங்குகிறது. அது சுற்றிச் சுற்றி அடித்ததில் சக்கரத்துக்கு மேலே இருந்த தகரம் கிழிந்து, அடித்தட்டு பிய்ந்து, பிரேக்குக்குப் போகிற ஒயர் அறுந்து கிடந்தது. உரிந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பட்டன் ஆழம் ஏறக்குறைய புது டயர் மாதிரியே இருந்தது. மிச்சமிருந்த டயரின் பக்கவாட்டைத் துடைத்துத் தேதியைப் படித்தபோதுதான் அதற்கு எட்டு வயது என்று தெரிந்தது. ட்ரெய்லரை வாங்கிய அன்றே அந்தத் தேதியைப் படித்திருக்கலாம். இரண்டு நிமிட வேலை.

பட்டனைப் பார்த்து முடிவெடுப்பது

கார் டயரில் நமக்குப் பழகிப்போன அளவுகோல் இது. ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால், அதாவது பள்ளங்களுக்குள் இருக்கும் குறுக்குத் திட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால், மாற்ற வேண்டும். தினமும் ஓடுகிற காருக்கு அது சரி. ட்ரெய்லர் வருஷத்தில் சில வாரங்கள் ஓடும், மற்ற மாதங்களில் ஒரே இடத்தில் நிற்கும். அந்தத் தேய்மானத்துக்கு அது வந்து சேர்வதே அபூர்வம். அதற்கு முன்பே ரப்பரின் உயிர் போய்விடுகிறது.

உள்ளே நடப்பது இதுதான். டயருக்குள் 50, 65, 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்று அடைபட்டிருக்கிறது. அதிலுள்ள ஆக்சிஜன் ரப்பர் வழியாக மெதுவாகக் கசிந்துகொண்டே இருக்கும். போகிற வழியில் ரப்பரோடு வினைபுரிந்து அதன் நெகிழ்வுத் தன்மையைக் குறைக்கும். ரேடியல் டயரில் பட்டனுக்குக் கீழே எஃகுக் கம்பிப் பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்திருக்கின்றன. வண்டி ஓடும்போது சூடும் இழுவிசையும் அதிகம் சேர்கிற இடம் அந்தப் பட்டைகளின் ஓரம். வறண்ட ரப்பர் அங்கேதான் முதலில் விட்டுக்கொடுக்கிறது. சின்ன விரிசலாக ஆரம்பித்து, ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவி, ஒரு நாள் மேல் பட்டை மொத்தமாகக் கழன்றுவிடும். வெயில் அதிகமாக இருந்தால் இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும். அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் டயர் மூப்பை ஆராய்ந்தபோது, சாலையில் ஓடிய டயர்களைச் சேகரிக்க அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்தைத் தேர்ந்தெடுத்தது அந்தச் சூட்டுக்காகத்தான்.

வெளியிலிருந்து ஓசோனும் சூரிய ஒளியும் தாக்குகின்றன. அதைத் தடுக்க ரப்பர் கலவையில் ஒருவகை மெழுகும் வேதிப்பொருட்களும் சேர்த்திருப்பார்கள். டயர் உருண்டு நசுங்கி விரியும்போதுதான் அவை மேற்பரப்புக்கு நன்றாக வந்து காக்கும். நின்றுகொண்டே இருக்கும் டயருக்கு அந்தப் பூச்சு சரியாகக் கிடைக்காது. அதனால் "ஓடவே இல்லையே, சும்மாதானே நின்னுச்சு" என்பது டயருக்குச் சாதகமான விஷயம் இல்லை. எனக்கு இது புரிய ஒரு டயர் உரிய வேண்டியிருந்தது.

வாங்கிய நாளிலிருந்து வயதை எண்ணுவது

டயரின் வயது அது தொழிற்சாலையில் வார்க்கப்பட்ட வாரத்திலிருந்து ஆரம்பிக்கிறது. பக்கவாட்டில் டி.ஓ.டி. (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2319 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம், அதாவது ஜூன் மாதவாக்கில் செய்தது. 2000-க்கு முன்பு செய்த டயர்களில் மூன்று எண்கள்தான் இருக்கும். பழைய ட்ரெய்லரின் ஸ்டெப்னியில் அப்படி மூன்று எண் கண்ணில் பட்டால், மேற்கொண்டு எதையும் பார்க்காமல் கழற்றிவிடுங்கள்.

இதில் பலர் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. முழுக் குறியீடு டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம். மறுபக்கத்தில் டி.ஓ.டி. என்று ஆரம்பித்துத் தேதி இல்லாமலே முடிந்துவிடும். தேதி உள்ள பக்கம் உள்நோக்கி மாட்டப்பட்டிருந்தால் நின்றபடி பார்த்து ஒன்றும் கிடைக்காது. நான் செய்வது: சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, ட்ரெய்லருக்கு அடியில் போனை மட்டும் நீட்டி, ஃபிளாஷ் போட்டு வீடியோவாக எடுத்துக்கொள்வேன். அதற்கு முன் ஈரத்துணியால் ஒரு துடைப்பு. எண்கள் மங்கலாக இருந்தால் சாக்பீஸை மேலே தேய்த்தால் எழுத்து எழும்பி நிற்கும்.

புது டயர் வாங்கும்போதும் இதே கவனம் வேண்டும். கடை அலமாரியில் இரண்டு வருஷம் கிடந்த டயரைப் "புதுசு" என்று மாட்டிவிட்டால், அந்த இரண்டு வருஷம் உங்கள் கணக்கில்தான் கழியும். ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே தேதியைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். புது ட்ரெய்லர் வாங்கினாலும் டயர் அதைவிட மூத்ததாக இருக்க வாய்ப்புண்டு.

சரி, எத்தனை வருஷம்? கார் தயாரிப்பாளர்கள் பலர் 6 வருஷம் என்கிறார்கள். டயர் தயாரிப்பாளர்கள் சிலர், ஐந்து வருஷத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதனை, அதிகபட்சம் 10 வருஷம் என்கிறார்கள். ஆனால் ட்ரெய்லர் டயர் எப்போதும் தன் சுமை எல்லைக்கு அருகிலேயே ஓடுகிறது. அந்தப் பத்தை நான் இதற்குப் பொருத்திப் பார்க்க மாட்டேன். செய்த தேதியிலிருந்து ஐந்து முடிந்தால் அடுத்த டயருக்குப் பணம் ஒதுக்குவேன். ஆறு முடிந்தால், பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதை நம்பி நெடும்பயணம் கிளம்ப மாட்டேன்.

மேலோட்டமாகப் பார்த்துத் திருப்தி அடைவது

விரிசல் இருந்தால் டயர் போய்விட்டது, இல்லாவிட்டால் நல்ல டயர் என்று நினைப்பது பாதிதான் சரி. பக்கவாட்டிலோ பட்டன் பள்ளங்களின் அடியிலோ விரிசல் ஆழமாகப் போனால், நகத்தை வைத்தால் உள்ளே இறங்கினால், நூலோ கம்பியோ தெரிந்தால், அன்றைக்கே மாற்றிவிட வேண்டியதுதான். ஆனால் கம்பிப் பட்டை உள்ளுக்குள் பிரிந்துகொண்டிருக்கும் டயர் வெளியே வழவழப்பாக இருக்கும். அதற்குக் கண் போதாது, கை வேண்டும்.

தயாரிப்பாளர் காட்டியிருக்கும் இடத்தில் ஜாக்கி வைத்துத் தூக்குங்கள் (ஆக்சில் குழாயில் வைக்கவே கூடாது, வளைந்துவிடும்). சக்கரத்தை மெல்லச் சுற்றுங்கள். மேலே ஒரு பொருளை அசையாமல் பிடித்துக்கொண்டு டயருக்கும் அதற்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். ஓரிடத்தில் மட்டும் பட்டன் மேலே எழும்பி வந்து போனால், அங்கே பட்டை பிரிந்திருக்கிறது. பிறகு சக்கரத்தை நிறுத்திவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு பட்டன் மேல் உள்ளங்கையை வைத்து முழுச் சுற்றும் தடவுங்கள். கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் கையைக் கிழித்துவிடும், அதனால்தான் கையுறை. மேடு, பள்ளம், ஒரே இடத்தில் மட்டும் அதிகத் தேய்மானம் எல்லாம் கைக்குத் தெரியும். உள்பக்கச் சுவரையும் விட்டுவிடாதீர்கள். ஆண்டுக்கணக்கில் யார் கண்ணும் படாத பக்கம் அதுதான்.

பளபளப்புக்காகத் தடவுகிற பாலிஷ் வேண்டவே வேண்டாம். பெட்ரோலியம் கலந்தவை பாதுகாப்பு மெழுகையே கரைத்து எடுத்துவிடும். போதாக்குறைக்கு விரிசலையும் மறைக்கும். சோப்புத் தண்ணீர் போதும்.

எடை தெரியாமல் காற்று அடிப்பது

டயர் சீக்கிரம் மூப்படைய முக்கியக் காரணம் சூடு. சூட்டுக்கு முக்கியக் காரணம் காற்றுக் குறைவும் சுமை மிகுதியும். எஸ்டி 225/75 ஆர் 15 என்ற பரவலான அளவை எடுத்துக்கொள்வோம். எஸ்டி என்றால் ட்ரெய்லருக்கென்றே செய்தது. அதில் லோடு ரேஞ்ச் (சுமை தாங்கும் வகுப்பு) டி டயர் 65 பிஎஸ்ஐ-யில் 2,540 பவுண்டு தாங்கும். ஈ டயர் 80 பிஎஸ்ஐ-யில் 2,830 பவுண்டு தாங்கும். அந்த அழுத்தம் இருந்தால்தான் அந்தச் சுமை. காற்று குறைந்தால் தாங்கும் எடையும் குறைந்துவிடும். நாமோ தண்ணீர் தொட்டியை நிரப்புகிறோம். ஒரு காலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 40 காலன் என்றால் 330 பவுண்டுக்கு மேல். பாத்திரம், மடக்கு நாற்காலி, சைக்கிள், கேஸ் சிலிண்டர் எல்லாம் தனி. லாரி எடை மேடையில் ஒருமுறை முழுச் சாமானோடு ஏற்றிப் பாருங்கள். முடிந்தால் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக எடை போடுங்கள். சமையல் மேடையும் ஃப்ரிட்ஜும் ஒரே பக்கம் இருந்தால் அந்தப் பக்கத்து டயர்கள் கூடுதலாகச் சுமக்கும்.

காற்றை அளப்பது காலையில், வண்டி நகர்வதற்கு முன். ஓட்டத்தில் சூடாகி அழுத்தம் ஏறியிருக்கும்போது "அதிகமாயிடுச்சு" என்று திறந்துவிடக் கூடாது. அந்த ஏற்றத்தையும் கணக்கில் வைத்துத்தான் டயரைச் செய்திருக்கிறார்கள். திறந்துவிட்டால், இரவில் டயர் குளிர்ந்ததும் அழுத்தம் தேவைக்குக் குறைவாகிவிடும். காற்று இறங்கிய டயரில் ஒரு மணி நேரம் ஓட்டியிருந்தால், பிறகு காற்று அடித்தாலும் உள்ளே பட்ட சேதம் ஆறாது. அதைத் தேதி பார்க்காமல் மாற்றுவதே நல்லது.

வேகமும் இதில் சேரும். பழைய எஸ்டி டயர்களில் பல, மணிக்கு 65 மைலுக்கு மேல் போவதற்காகச் செய்தவை அல்ல. இப்போது வருபவற்றில் வேக எழுத்து இருக்கும். எல் என்றால் 75 மைல், எம் என்றால் 81. இரட்டை ஆக்சில் ட்ரெய்லரை இறுக்கமாகத் திருப்பும்போது டயர்கள் பக்கவாட்டில் இழுபட்டு வளைவதை ஒருமுறை இறங்கி நின்று பாருங்கள். அதற்குப் பிறகு நீங்களே அகலமாகத் திருப்ப ஆரம்பித்துவிடுவீர்கள்.

வெடித்த ஒன்றை மட்டும் மாற்றுவது

இரட்டை ஆக்சிலில் ஒரு டயர் போனால், அதே பக்கத்து இன்னொரு டயர் நாம் நிறுத்தும்வரை ஏறக்குறைய இரண்டு மடங்கு சுமையைத் தாங்கி ஓடியிருக்கும். வயதும் அதே வயதுதான். நான் அன்று ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். அடுத்த வாரம் ஜாக்கி வைத்துச் சுற்றிப் பார்த்தபோது, பக்கத்து டயரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மேடு எழும்பியிருந்தது. அதைப் பார்த்த பிறகு நான்கையும் மாற்றினேன்.

ஸ்டெப்னிக்கும் இதே வயதுக் கணக்குதான். பின்னால் வெயிலில் தொங்கியே அதுவும் வறண்டிருக்கும். வால்வையும் டயரோடு மாற்றச் சொல்லுங்கள். 80 பிஎஸ்ஐ அடிக்கிற டயருக்கு உயர் அழுத்தம் தாங்குகிற உலோக வால்வு வேண்டும். லோடு ரேஞ்சைக் கூட்டப் போகிறீர்கள் என்றால், ரிம் எவ்வளவு பிஎஸ்ஐ, எவ்வளவு சுமை தாங்கும் என்று அதில் பொறித்திருப்பதைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். விலை குறைவு என்று கார் டயரை மாட்டுவது சரிவராது. ட்ரெய்லரில் போட்டால் அதில் எழுதியிருக்கும் சுமையை 1.1-ஆல் வகுத்துத்தான் எடுக்க வேண்டும். தவிர, அந்த மெல்லிய பக்கச்சுவர் ட்ரெய்லரின் ஆட்டத்துக்கு ஏற்றதும் அல்ல.

மாட்டிய பிறகு முதல் 50 மைலில் ஒருமுறை நிறுத்தி, டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து திருகும் ஸ்பானர்) போட்டு எல்லா நட்டுகளையும் சரிபாருங்கள். கூடவே ஐந்து டயர்களின் தேதியையும் ஒரு சின்ன அட்டையில் எழுதி, ட்ரெய்லர் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.