டிரம்மைச் சாய்க்காமல் தண்ணீர் இறக்க

ஓஸ் பைப்பைச் சுருட்டி டிரம் தண்ணீருக்குள் முழுசாக முக்குங்கள். குமிழி வருவது நின்றதும் ஒரு முனையைக் கட்டைவிரலால் இறுக்கி மூடி, வெளியே எடுத்து, டிரம்மின் நீர்மட்டத்துக்கும் கீழே கொண்டுபோய் விரலை எடுங்கள். தண்ணீர் தானாக இறங்கும். வாய் வைத்து உறிஞ்சுகிற வேலையே இல்லை.

வெளியே தொங்கும் பக்கம் தண்ணீர் அதிக ஆழத்துக்கு இறங்குவதால் அதன் எடையும் அதிகம். அது கீழே இறங்க இறங்க, டிரம்மில் இருப்பதைக் காற்றழுத்தம் பைப்புக்குள் தள்ளிவிடுகிறது. வெளி முனை எவ்வளவு தாழ்வோ அவ்வளவு வேகம்.

சிறுவாணி, அத்திக்கடவுத் தண்ணீர் வரும் நாளில் டிரம் டிரம்மாகப் பிடித்து வைக்கும் நம் கொங்குப் பக்கத்து வீடுகளுக்கு இது ரொம்பக் கைகொடுக்கும். உள் முனையைக் குச்சியில் கட்டி, அடியிலிருந்து நாலு விரல் மேலே நிற்கவிட்டால் வண்டல் கலங்காமல் தெளிந்த தண்ணீர் மட்டும் வரும். அப்புறம் குச்சியை அவிழ்த்துவிட்டு முனையை அடியில் மெல்ல நகர்த்துங்கள். வண்டல் செடிக்குப் போய்விடும்.

தரைக்கடியில் உள்ள சம்ப்புக்கு இது ஆகாது. வெளி முனையை நீர்மட்டத்துக்குக் கீழே கொண்டுபோக வழியில்லை, மோட்டார்தான். பைப்பில் பொத்தல் இருந்தாலும் காற்று புகுந்து ஓட்டம் நின்றுவிடும்.