ஹேமக்கில் குளிராமல் தூங்க: முதலில் முதுகுக்குக் கீழே பாருங்கள்

ஹேமக் (இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டும் தொங்குபடுக்கை) வாங்கிவிட்டேன், இனி எந்த ஸ்லீப்பிங் பேக் வாங்கலாம் என்று அட்லாண்டா பக்கத்து நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் நான் சொல்வது ஒன்றுதான். கையில் இருக்கிற காசில் முதலில் அண்டர்க்வில்ட், அதாவது ஹேமக்குக்கு அடியில் தொங்கவிடும் போர்வை, வாங்குங்கள். மேலே போர்த்திக்கொள்ள வீட்டில் இருக்கும் ஏதாவது ஒன்றை வைத்துக்கூடச் சமாளித்துவிடலாம். முதுகுப் பக்கத்தில் அப்படி முடியாது.

நம்மைச் சூடாக வைத்திருப்பது துணியோ பஞ்சோ இல்லை, அதற்குள் அசையாமல் நிற்கும் காற்று. ஸ்லீப்பிங் பேக்குக்குள் படுத்தால் உடம்பின் எடையில் அதன் அடிப்பக்கம் தட்டையாக நசுங்கிவிடும், காற்று நிற்க இடமே இருக்காது. கூடாரத்தில் அடியில் போடும் மெத்தை அந்தக் குறையை ஈடுகட்டும். ஹேமக்கிலோ முதுகுக்குக் கீழே காற்று ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் 65 டிகிரி ஃபாரன்ஹீட் (18 செல்சியஸ்) இருக்கும் ஜூன் மாத இரவில்கூட விடியற்காலையில் முதுகும் இடுப்பும் சில்லிட்டு எழுப்பிவிடும். அண்டர்க்வில்ட் ஹேமக்குக்கு வெளியே, அடியில், எலாஸ்டிக் கயிற்றில் தொங்குகிறது. அதன்மேல் நம் எடை விழுவதில்லை. உப்பியபடியே நிற்கும்.

எத்தனை டிகிரிக்கு வாங்குவது என்று முடிவு செய்யுமுன், நீங்கள் தூங்கப்போகும் இடத்தின் இரவுக் குளிரைக் கணக்கிடுங்கள். ஊரின் வானிலை அறிக்கை இதற்குப் போதாது. 1,000 அடி ஏறினால் சுமார் 3.5 டிகிரி (இனி சொல்லும் டிகிரி எல்லாம் ஃபாரன்ஹீட்தான்) குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். அட்லாண்டா ஏறக்குறைய 1,050 அடி. அப்பலாச்சியன் டிரெயில் என்ற நெடுந்தூர மலை நடைபாதை தொடங்கும் ஸ்பிரிங்கர் மலை 3,780 அடி. அட்லாண்டாவில் இரவு 42 என்றால் ஸ்பிரிங்கரில் 32, அதாவது உறைநிலை. ஸ்மோக்கி மலைகளில் குவோஹி உச்சி 6,643 அடி. அங்கே மலையடிவாரத்துக்கும் உச்சிக்கும் 10 முதல் 20 டிகிரி வரை வித்தியாசம் வரும். இன்னொன்று, தெளிவான, காற்றில்லாத இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் இறங்கித் தேங்கும். ஓடையோரம் அழகாக இருந்தாலும் சற்று மேலே, சரிவில் மரம் தேடிக் கட்டினால் அந்த இரவு நன்றாகப் போகும்.

க்வில்டில் போட்டிருக்கும் எண்ணை எப்படிப் படிப்பது? ஸ்லீப்பிங் பேக்குகளுக்கு ஐஎஸ்ஓ 23537 என்ற சோதனை முறை இருக்கிறது. சூடேற்றிய பொம்மையை உள்ளே படுக்கவைத்து அளப்பார்கள். அண்டர்க்வில்டை அந்த முறையில் அளக்க முடியாது, அதனால் அதில் இருப்பது தயாரிப்பாளரே தரும் எண். பெரும்பாலும் அது தாக்குப்பிடிக்கும் எல்லை, சுகமாகத் தூங்கும் அளவு இல்லை. என் வீட்டுக்காரர் 20 டிகிரி க்வில்டில் 22 டிகிரி இரவில் குறட்டை விட்டுத் தூங்குவார். நான் ராமநாதபுரத்து வெயிலில் வளர்ந்தவள், 55 ஆனாலே ஸ்வெட்டர் தேடுவேன். எனக்கு அதே க்வில்ட் 30 வரைதான் சரிப்படும். அந்த ஐஎஸ்ஓ முறையிலேயே சுகமான அளவுக்குப் பெண்ணையும் எல்லைக்கு ஆணையும்தான் கணக்கில் எடுக்கிறார்கள். ஆகவே பெண்களும், குளிர் தாங்காத ஆண்களும், எதிர்பார்க்கும் குளிரைவிட 10 டிகிரி குறைந்த எண்ணை எடுங்கள்.

அண்டர்க்வில்டும் மேலே போர்த்தும் க்வில்டுமாக ஒரே ஒரு ஜோடிதான் வாங்க முடியும் என்றால் 20 டிகிரி (மைனஸ் 7 செல்சியஸ்) வாங்குங்கள். ஜார்ஜியா, வட கரோலினா மலைகளில் மார்ச் முதல் நவம்பர் வரை அதுவே பெரும்பாலும் ஓட்டிவிடும். வெப்பமான இரவில் மேல் க்வில்டை ஒதுக்கிவிடலாம். அண்டர்க்வில்டின் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தி, ஓர் அங்குலம் இரண்டு அங்குலம் கீழே தொங்கவிட்டால் இடையில் காற்று புகுந்து சூடு தணியும். 40 டிகிரி க்வில்டை 20 டிகிரி இரவுக்கு இழுக்க இப்படி எந்த வழியும் இல்லை. கோடையில் அடிக்கடி போகிறவர்கள் இரண்டாவதாக ஒரு 40 அல்லது 50 வாங்கிக்கொள்ளலாம். அது பனிக்காலத்திலும் வீணாகாது, 20 டிகிரி க்வில்டோடு சேர்த்து அடுக்கலாம். இதற்கு எளிய கணக்கு ஒன்று புழக்கத்தில் உண்டு: 70இல் இருந்து மெல்லிய க்வில்டின் எண்ணைக் கழித்து, பாதியாக்கி, அதைக் கனமான க்வில்டின் எண்ணில் இருந்து கழிக்கவேண்டும். 40ஐயும் 20ஐயும் சேர்த்தால் 5 வரும். தோராயம்தான், ஆனால் திட்டமிட உதவும். அடியில் அடுக்கும்போது வெளிக் க்வில்ட் உள்க் க்வில்டை நசுக்காதபடி தளர்வாகக் கட்டுங்கள்.

உள்ளே என்ன நிரப்பியிருக்கிறது என்பது அடுத்த கேள்வி. வாத்தின் மென்தூவி, அதாவது டவுன், எடைக்கு அதிகச் சூடு தரும், சிறிதாக மடங்கும், விலை கூடுதல். 850 ஃபில் பவர் என்றால் ஓர் அவுன்ஸ் தூவி 850 கன அங்குலத்துக்கு உப்பும் என்று அர்த்தம். எண் கூடக்கூட அதே சூட்டுக்கு எடை குறையும், அவ்வளவுதான். 950 தூவி குறைவாகப் போட்ட க்வில்டைவிட 800 தூவி தாராளமாகப் போட்டது அதிகச் சூடு தரும். செயற்கை நாரில் க்ளைமாஷீல்ட் ஏபெக்ஸ் பரவலாகக் கிடைக்கிறது. சதுர கஜத்துக்கு 2.5 அவுன்ஸ் எடையுள்ளது சுமார் 50 டிகிரிக்கும், 3.6 சுமார் 40க்கும், 5 சுமார் 30க்கும் வரும். ஈரத்தில் இது தூவியைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும். ஸ்மோக்கியின் உயரங்களில் வருடத்துக்கு 85 அங்குலம்வரை மழை பெய்கிறது. ஆனாலும் 30 டிகிரிக்குக் கீழே நான் தூவியைத்தான் எடுத்துப்போவேன், செயற்கை நார் அந்த அளவுக்குப் பையில் இடத்தை அடைத்துக்கொள்ளும். கோடைக் க்வில்டுக்குச் செயற்கை நார் தாராளமாகப் போதும்.

தூவி அண்டர்க்வில்ட் வாங்கும்போது டிஃபரன்ஷியல் கட் உண்டா என்று கேளுங்கள். உள்பக்கத் துணியைவிட வெளிப்பக்கத் துணியைப் பெரிதாக வெட்டித் தைப்பார்கள். உடம்பின் வளைவில் இழுபட்டாலும் தூவி நசுங்காது. ஒஹாயோவின் ஹேமக் கியர், கொலராடோவின் வார்பானெட், மினசோட்டாவின் என்லைட்டண்ட் எக்விப்மெண்ட் போன்ற சிறிய நிறுவனங்கள் ஹேமக்குக்கென்றே இவற்றைத் தைக்கின்றன. நீளத்தில் முழு அளவு, முக்கால் அளவு என்று இரண்டு உண்டு. முக்கால் அளவு தோளில் இருந்து முழங்கால்வரை வரும், பாதத்துக்கு அடியில் சிறிய ஃபோம் துண்டு வைக்கவேண்டும். எடை மிச்சம். 30 டிகிரிக்குக் கீழே போகும் எண்ணம் இருந்தால் முழு அளவே எடுங்கள், நடு ராத்திரியில் ஃபோம் துண்டைக் காலால் தேடுவது பெரிய தொல்லை.

இனி நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், சரியாகக் கட்டாத அண்டர்க்வில்ட் வேலைக்கு ஆகாது. ஹேமக்கில் ஏறி, எப்போதும் தூங்குகிற மாதிரிச் சற்றுக் கோணலாக, மூலைவாட்டத்தில் படுங்கள். கூட வந்தவரைக் க்வில்டுக்கும் ஹேமக்குக்கும் இடையில் கைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முதுகு நெடுக க்வில்ட் மெதுவாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். கை இடைவெளியில் சும்மா ஆடினால் தளர்வு, எலாஸ்டிக்கை இழுக்கவேண்டும். கையை அழுத்திப் பிடித்தால் இறுக்கம், தூவி நசுங்குகிறது. இரு முனைகளிலும் உள்ள சுருக்குக் கயிற்றை, காற்று புகாத அளவுக்கு மட்டும் இழுத்துக் கட்டுங்கள்.

ராத்திரியில் எங்கே குளிர்கிறது என்பதை வைத்தே காரணத்தைப் பிடித்துவிடலாம். தோளில் மட்டும் என்றால் க்வில்ட் கால்பக்கம் நகர்ந்திருக்கிறது. இடுப்பில் மட்டும் என்றால் அங்கே இடைவெளி விழுந்திருக்கிறது, அல்லது இறுகி நசுங்கியிருக்கிறது. காற்றடிக்கும்போதெல்லாம் சில்லென்று ஓர் ஓட்டம் வந்தால் முனை திறந்திருக்கிறது. முதுகு முழுக்க ஒரே சீராகக் குளிர்ந்தால்தான் க்வில்டின் எண் போதவில்லை என்று அர்த்தம். இப்படிப் பார்க்காமல் புதிதாக இன்னொன்று வாங்கிச் செலவழித்துவிடாதீர்கள்.

மேல் க்வில்டில் அவ்வளவு சிக்கல் இல்லை. ஹேமக்கின் பக்கங்களே நம்மை அணைத்துக்கொள்வதால் 50 முதல் 55 அங்குல அகலம் பெரும்பாலானோருக்குப் போதும். குளிர்காலத்துக்குப் பாதப் பகுதி பைபோல மூடித் தைத்ததை எடுங்கள். கழுத்தோரம் சுருக்குக் கயிறு இருக்கட்டும்.

காற்று மட்டும் கவனம். குளிர் நாளில் தார்ப்பை, அதாவது ஹேமக்குக்கு மேலே கூரையாகக் கட்டும் துணியை, தாழ்வாக, காற்று வரும் பக்கம் தரையை ஒட்டிக் கட்டுங்கள். ஸ்மோக்கி தேசியப் பூங்காவில் நடைப்பயணிகள் தங்கும் ஷெல்டர் கொட்டகைக்குள் ஹேமக் கட்டவோ அதன் தூண்களைப் பிடித்துக் கட்டவோ அனுமதி இல்லை, குறிக்கப்பட்ட முகாம் இடங்களில் மரத்தில்தான் கட்டவேண்டும். ஆகவே தார்ப்பு இல்லாமல் போகாதீர்கள். மேலே காய்ந்த கிளை தொங்குகிறதா என்றும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.

உடனே பணம் போட முடியாதவர்கள் ஃபோம் மெத்தையில் தொடங்கலாம். இரட்டைத் துணி ஹேமக் என்றால் இரண்டுக்கும் நடுவில் செருகினால் நழுவாது. முதுகு வேர்க்கும், ஓரங்களில் தோள் குளிரும், ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு அது எவ்வளவோ மேல். எதை வாங்கினாலும் முதலில் ஜனவரி இரவு ஒன்றில் வீட்டுக் கொல்லையில் கட்டித் தூங்கிப் பாருங்கள். குளிர்ந்தால் எழுந்து உள்ளே போய்விடலாம்.

மலையில் இருந்து திரும்பியதும் க்வில்டைப் பையிலேயே அடைத்து வைத்துவிடாதீர்கள். இரண்டு நாள் கொடியில் போட்டுக் காயவிடுங்கள். இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் போட்டதும் உப்பி எழுமே, தூவியும் ஈரம் போனதும் அப்படித்தான் எழும். எங்காவது கட்டி தட்டியிருந்தால் விரலால் மெதுவாகப் பிரித்துவிட்டு, பெரிய பருத்திப் பையில் தளர்வாகப் போட்டு வையுங்கள்.