ஹைட்ரஜன் கம்ப்ரசரில் கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

வாயுக் கசிவை உணர்த்தும் வழக்கமான அடையாளங்கள் எதையும் ஹைட்ரஜன் தருவதில்லை. அதற்கு மணம் கிடையாது. பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் ஏறக்குறையக் கண்ணுக்குத் தெரியாது. மற்ற உயர் அழுத்த வாயுக்கள் கசியுமிடத்தில் படியும் உறைபனியும் இங்கே இராது, ஏனெனில் அறை வெப்பநிலையில் விரிவடையும் ஹைட்ரஜன் குளிராமல் சற்றே சூடாகிறது. காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை கலந்தால் அது எரியும். பற்றவைப்பதற்கு ஏறத்தாழ 0.02 மில்லிஜூல் ஆற்றலே போதும், அதாவது மீத்தேனுக்குத் தேவைப்படுவதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

எனவே, கம்ப்ரசர் அறைக்குள் நுழையும்போதே கையடக்க டிடெக்டர் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். அது 0.4 சதவீதத்தைக் காட்டினால், அதாவது எரியத் தொடங்கும் அளவில் பத்தில் ஒரு பங்கை எட்டினால், கசிவைத் தேடிக்கொண்டு உள்ளே நிற்காமல் வெளியேறி, இயந்திரத்தை வெளியிலிருந்து நிறுத்தி வாயுவைத் துண்டிப்பதே சரி. முன்பு ராக்கெட் ஏவுதளங்களில், கண்ணுக்குத் தெரியாத சுடரைக் கண்டறியத் துடைப்பத்தை முன்னே நீட்டியபடி நடந்தார்கள். இன்று அந்த வேலைக்கு வெப்பப் படக் கருவி இருக்கிறது.

கசிவு இருக்கிறதா என்பதை முதலில் அழுத்தச் சோதனையால் உறுதிசெய்யுங்கள். இயந்திரத்தை நிறுத்தி, இருபுறமும் வால்வுகளை மூடி, அழுத்தத்தோடு வாயுவின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். வெப்பநிலையைக் குறிக்காத சோதனை பயனற்றது: 30 டிகிரியில் 200 பார் காட்டிய கேஜ், 24 டிகிரிக்குக் குளிர்ந்ததும் ஒரு துளியும் கசியாமலே 196 பார் காட்டும். அந்தக் கணக்கைக் கழித்த பிறகும் அழுத்தம் இறங்கினால்தான் கசிவு உறுதி.

இடத்தைக் கண்டுபிடிக்க, டிடெக்டரின் முனையை ஒவ்வொரு இணைப்பின் மேற்புறமாக மெதுவாக நகர்த்துங்கள்; காற்றைவிடப் பதினான்கு மடங்கு லேசான வாயு மேலேதான் செல்லும். சந்தேகத்துக்குரிய இடத்தில், கசிவுச் சோதனைக்கென விற்கப்படும் சோப்புக் கரைசலைத் தடவி ஓரிரு நிமிடங்கள் பொறுத்துப் பாருங்கள், ஏனெனில் சிறு கசிவின் குமிழ் உடனே எழும்பாது.

பிஸ்டனை இயக்கும் தண்டான பிஸ்டன் ராடைச் சுற்றி வாயுவைத் தடுக்கும் வளையத் தொகுதியான பேக்கிங்கை இந்த முறையில் அளக்க முடியாது. அதன் வளையங்கள் புதிதாக இருக்கும்போதே சிறிதளவு வாயுவை விடும். அந்த வாயு வென்ட் குழாய் வழியே பாதுகாப்பாக வெளியேறுமாறு இயந்திரம் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே வென்ட் குழாயில் ஓட்டமானி வைத்து, புது வளையம் போட்ட நாளிலிருந்து அளவைக் குறித்து வாருங்கள். எண் படிப்படியாக ஏறினால் தேய்மானம், திடீரென ஏறினால் வளையம் உடைந்திருக்கலாம் அல்லது ராடில் கீறல் விழுந்திருக்கலாம். நைட்ரஜன் நிரப்பிய பகுதியில் கேடலிடிக் வகை டிடெக்டரை நம்பக் கூடாது; வாயுவை எரித்து அளக்கும் அது இயங்க ஆக்சிஜன் வேண்டும். அங்கே வெப்பக் கடத்தலை அளக்கும் வகையே பொருந்தும். வளையங்களை மாற்றும்போது ஒவ்வொரு ஜோடியிலும் ஆரவாட்டில், அதாவது மையத்திலிருந்து வெளிநோக்கி நேராக, வெட்டிய வளையம் சிலிண்டரின் பக்கம் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் புது வளையமும் கசியும். பேக்கிங் மாற்றிய மறுநாளே கசிவு என்றால் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். பிஸ்டனுக்குப் பதிலாக வளையும் மெல்லிய தகடுகளால் வாயுவை அழுத்தும் டயாஃப்ரம் கம்ப்ரசரில், அந்தத் தகடுகளுக்கு இடையிலுள்ள கசிவு அலாரம் ஒலித்தால், அதை மறுபடி ரீசெட் செய்து ஓட்டாதீர்கள்.

டியூபை இணைக்கும் ஃபிட்டிங்கில் கசிவு கண்டதும் ஸ்பேனரை எடுத்து இறுக்கத் தோன்றும். அழுத்தம் உள்ள நிலையில் எந்த நட்டையும் தொடாதீர்கள். நட் நழுவினால் டியூப் தெறித்து வரும். அழுத்தத்தை இறக்கி, நைட்ரஜன் செலுத்தி ஹைட்ரஜனை வெளியேற்றிய பிறகே கழற்ற வேண்டும். டியூபைக் கவ்விப் பிடிக்கும் இரண்டு உலோக வளையங்கள் (ஃபெரூல்) கொண்ட இரட்டை ஃபெரூல் ஃபிட்டிங்கில் கால் அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரையுள்ள அளவுகளுக்கு, கையால் இறுக்கிய நிலையிலிருந்து ஒன்றேகால் சுற்று என்பது பொது விதி. நட்டில் கோடு போட்டுக்கொண்டு திருப்பினால் கணக்குத் தவறாது. ஏற்கெனவே இறுக்கியதைக் கழற்றி மாட்டும்போது பழைய நிலைக்குக் கொண்டுவந்து, அதற்கு மேல் சிறிதளவே இறுக்க வேண்டும். மறுபடியும் ஒன்றேகால் சுற்றினால் ஃபெரூல் நசுங்கிவிடும். ஒரு நிறுவனத்தின் நட்டோடு இன்னொரு நிறுவனத்தின் ஃபெரூலைச் சேர்க்காதீர்கள். அதிர்வினால் தளரும் இணைப்பை எத்தனை முறை இறுக்கினாலும் மீண்டும் தளரும். டியூபுக்குத் தாங்கி கொடுப்பதே தீர்வு.

போல்ட் உள்ள இணைப்புகளில், இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனரான டார்க் ரெஞ்ச் கட்டாயம். 2019 ஜூன் 10 அன்று நார்வேயின் சான்ட்விகாவில், ஹைட்ரஜன் நிரப்பும் நிலையம் ஒன்று வெடித்தது. உயர் அழுத்தக் கலனின் அடைப்பான் ஒன்றைப் பொருத்தியபோது, அதன் உள் போல்ட்டுகள் போதிய அளவு இறுக்கப்படாததே காரணம் என விசாரணையில் தெரிந்தது. ஆகவே ஒருவர் இறுக்கியதை மற்றொருவர் அளந்து கையெழுத்திடும் வழக்கத்தை, வேலை நெருக்கடியிலும் விட்டுவிடாதீர்கள்.

பழுது முடிந்ததும், உள்ளே புகுந்த காற்றை நைட்ரஜனால் வெளியேற்றி, முதலில் நைட்ரஜனிலும் பிறகு ஹீலியத்திலும் சோதியுங்கள். நைட்ரஜன் கசியாத இடைவெளியில்கூட சிறிய வாயுக்கள் கசியக்கூடும். ஹைட்ரஜனைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் நின்று டிடெக்டரால் தேடுங்கள். இயந்திரம் சூடாகி, முழுவதும் ஆறிய பிறகு அதே இணைப்புகளை இன்னொரு முறை பார்த்துப் பதிவேட்டில் எழுதுங்கள்.