கோட் கார்டு விதி மாறும்போது நஷ்டப்படாமல் இருக்க

போக்கிமான் போன்ற கார்டு விளையாட்டுகளில், கார்டுகள் அடங்கிய சிறு உறைக்குப் பூஸ்டர் பாக்கெட் என்று பெயர். அதில் வரும் கோட் கார்டில் அச்சான குறியீட்டை (கோடு) அந்த விளையாட்டின் ஆன்லைன் வடிவில் உள்ளிட்டால் அங்கேயும் ஒரு பாக்கெட் கிடைக்கும். இந்தக் கோட் கார்டும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பொருள்தான். ஆனால் அதற்கு என்ன கிடைக்கும் என்பதை, பாக்கெட் வாங்கிய நாளின் விதி தீர்மானிப்பதில்லை. குறியீட்டை உள்ளிடும் நாளின் விதியே தீர்மானிக்கிறது. இடைவெளி நீள நீள ஆபத்தும் கூடும்.

போக்கிமான் கார்டு விளையாட்டின் பழைய ஆன்லைன் வடிவமான போக்கிமான் டிசிஜி ஆன்லைன் 2023 ஜூனில் மூடப்பட்டு, போக்கிமான் டிசிஜி லைவ் வந்தது. பழைய ஆட்டத்தில் கோட் கார்டால் கிடைத்த பாக்கெட்டைப் பிரிக்காமல் வைத்திருந்து மற்றவரோடு மாற்றிக்கொள்ள முடிந்தது. ஆட்டக்காரர்களுக்கு அதுவே பணம் மாதிரி இருந்தது. லைவில் பரிமாற்றமே கிடையாது. பரிமாற்றத்துக்காகக் கோடுகளைச் சேர்த்து வைத்தவருக்கு அந்தப் பயன் அடியோடு போயிற்று.

கையில் குவியல் இருந்தால் முதலில் செட் (ஒன்றாக வெளியான கார்டுத் தொகுப்பு) வாரியாகப் பிரித்து எண்ணுங்கள். லைவில் ஒரு கணக்குக்கு ஒரு செட்டுக்கு 400 பாக்கெட் கோடு என்பது உச்சவரம்பு. ஒரு பூஸ்டர் பெட்டியில் 36 பாக்கெட். ஆக 11 பெட்டிக்கு 396. பன்னிரண்டாவது பெட்டியில் நான்கு கோடு மட்டுமே உங்கள் கணக்கில் ஏறும். மொத்தமாகக் கோடு வாங்குபவர்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான். மேஜிக் என்னும் இன்னொரு கார்டு விளையாட்டின் ஆன்லைன் வடிவமான மேஜிக் அரீனாவில், ப்ரீரிலீஸ் (செட் வெளியாகும் முன் நடக்கும் நிகழ்வு) பெட்டிக் கோடு ஒரு செட்டுக்கு ஒரு கணக்கில் ஒரு முறைதான் செல்லும். இரண்டாவது பெட்டி வாங்கினால் அந்தக் கோட் கார்டை நண்பருக்குக் கொடுத்துவிடலாம்.

அடுத்து, உள்ளிடுவது. கியூஆர் இருந்தால் அதையே ஸ்கேன் செய்யுங்கள். கையால் தட்டும்போது ஒன்றுபோல் தெரியும் எழுத்தும் எண்ணும் குழப்பலாம். "செல்லாது" என்று வந்தால் தட்டச்சுப் பிழையாக இருக்கலாம். "ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது" என்று வந்தால் அதே எழுத்துகளை மறுபடி தட்டிப் பயனில்லை. முதலில் வேறொரு கணக்கில் நீங்களே ஏற்றிவிட்டீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால், விற்றவரிடம் அன்றைக்கே கேளுங்கள்.

விதி மாற்றம் அறிவிக்கப்பட்டால் அது நியாயமா என்று பார்க்க ஒரு கேள்வி போதும்: ஏற்கெனவே விற்றுப்போன கோடுகளுக்கும் புது விதி பொருந்துமா? இனி அச்சாகும் கோடுகளுக்கு மட்டும் என்றால் குறை சொல்ல இடமில்லை. ஒரே ஆள் ஆயிரக்கணக்கில் குவிப்பதைத் தடுக்க வரம்பு வைப்பதும் சரிதான். விற்ற சரக்குக்கும் பொருந்தும் என்றால் போதிய அவகாசமோ ஈடோ கொடுத்தாக வேண்டும். இரண்டும் இல்லாத மாற்றம், வாங்கியவர் கையிலிருந்து பிடுங்குவதுதான். அதைப் புகாராக எழுதத் தயங்க வேண்டாம்.

அதற்குச் சான்று வேண்டும். வாங்கும் அன்றே விதிப் பக்கத்தைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ரசீதோடு வையுங்கள். குறியீடு ஏற்கப்பட்டதும் கோட் கார்டைக் குப்பையில் போடாதீர்கள். பாக்கெட் கணக்கில் வந்து சேரும்வரை அதுவே ஆதாரம். புகாரில் கோடு, உள்ளிட்ட நேரம், திரையில் வந்த பிழைச் செய்தி மூன்றையும் அப்படியே கொடுங்கள். கோடு முழுதாகத் தெரியும் படத்தைப் பொதுவெளியில் போட்டால், பதில் வருவதற்குள் வேறு யாரேனும் அதைப் பயன்படுத்திவிடுவார்கள்.