பிரெக்சிட்டுக்குப் பின் எந்தக் கட்சியையும் நம்பாதவர் தம் வாக்கை என்ன செய்யலாம்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா, விலகுவதா என்று பிரித்தானியாவில் 2016 ஜூன் 23 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் 72.2 சதவீதத்தினர் வாக்களித்தனர். விலகலுக்கு 51.9, நீடிப்புக்கு 48.1 என்று நாடு ஏறத்தாழ இரு பாதியாகப் பிளந்தது. பின்வந்த ஆண்டுகளில் தோற்றவர்கள் மட்டுமன்றி வென்றவர்களும் தாங்கள் ஏமாற்றப்பட்டதாகச் சொல்லத் தொடங்கினர். குடியேற்றம் குறையும் என்று நம்பி விலகலுக்கு வாக்களித்தவர், 2023 நடுப்பகுதியில் முடிந்த ஓராண்டில் நிகரக் குடியேற்றம் 9 லட்சத்தைத் தாண்டியதைக் கண்டார். நீடிக்க விரும்பியவரோ, தம் பக்கம் நிற்கும் என்று எண்ணியிருந்த தொழிற்கட்சி 2017 தேர்தல் அறிக்கையிலேயே வாக்கெடுப்பின் முடிவை ஏற்றுக்கொண்டதைக் கண்டார். எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தாம் என்ற முடிவுக்கு இருவருமே வந்ததில் வியப்பில்லை. இந்த வழிகாட்டி அத்தகைய வாக்காளருக்கானது. இன்ன கட்சிக்கு வாக்களியுங்கள் என்று இது சொல்லப்போவதில்லை.

முதலில், உங்கள் கசப்பு எதன்மீது என்று பிரித்தறியுங்கள். வாக்கெடுப்பின் முடிவே பிடிக்கவில்லையா, அந்த முடிவைக் கட்சிகள் கையாண்ட விதம் பிடிக்கவில்லையா, அல்லது உங்கள் வாக்கை இடங்களாக மாற்றும் தேர்தல் முறைதான் பிடிக்கவில்லையா? மூன்றும் வெவ்வேறு நோய்கள். ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு உதவாது. முடிவு பிடிக்காதவர், ஐரோப்பாவுடனான உறவுபற்றி ஒவ்வொரு கட்சியும் இன்று எழுத்தில் தரும் உறுதிகளை ஒப்பிட வேண்டும். தேர்தல் முறைமீது கோபம் கொண்டவருக்கு வாக்கு விகிதத்துக்கேற்ப இடங்கள் தரும் விகிதாசார முறையை ஆதரிக்கும் கட்சி எது, வேட்பாளர் யார் என்பதே முதற்கேள்வி. கையாண்ட விதம்தான் குறை என்றால், கட்சியை விட்டுவிட்டு ஆளைப் பார்க்க வேண்டும். என் கணிப்பில் பெரும்பாலோர் இந்த வகையினர். ஆகவே அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் எந்தத் தீர்மானத்துக்கு எப்படி வாக்களித்தார் என்பது பெயர் பெயராக வெளியாகிறது. நாடாளுமன்றத்தின் இணையதளத்திலும், 'தே வொர்க் ஃபார் யூ' என்னும் தளத்திலும் உங்கள் அஞ்சல் குறியீட்டை இட்டாலே அவரது பதிவு கிடைக்கும். 2019க்கு முன்பிருந்தே உறுப்பினராக இருப்பவர் என்றால், முதலில் 2019 மார்ச் 27, ஏப்ரல் 1 ஆகிய இரு நாட்களைத் தேடுங்கள். அன்றைய பிரதமர் தெரசா மே கொண்டுவந்த விலகல் உடன்படிக்கை அந்த ஜனவரியில் 432க்கு 202 என்று தோற்ற பிறகு, எந்த வகை விலகலுக்குத்தான் பெரும்பான்மை இருக்கிறது என்று பார்க்க, மார்ச் 27இல் எட்டு மாற்று வழிகளும் ஏப்ரல் 1இல் நான்கும் வாக்குக்கு விடப்பட்டன. ஒன்றுகூடத் தேறவில்லை. ஐரோப்பாவுடன் சுங்க ஒன்றியத்தில் இருப்பது என்ற யோசனை 273க்கு 276 என்று மூன்றே வாக்குகளில் விழுந்தது. நெருக்கமான உறவை விரும்பிய உறுப்பினர்களிலேயே சிலர், மறுவாக்கெடுப்பைத் தவிர வேறெதையும் ஏற்கமாட்டோம் என்று அதை எதிர்த்தனர் அல்லது ஒதுங்கி நின்றனர். உங்கள் உறுப்பினர் அன்று என்ன செய்தார் என்பது, மேடையில் அவர் பேசிய நூறு பேச்சுகளைவிட அவரைப்பற்றி அதிகம் சொல்லும்.

இந்தப் பதிவைப் படிக்கையில் ஓர் எச்சரிக்கை. வாக்களிக்காமல் இருந்தது வேண்டுமென்றே ஒதுங்கியதா, உடல்நலக் குறைவா, எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவருடன் பேசிவைத்து இருவருமே வராமலிருந்ததா என்பதைப் பட்டியல் காட்டாது. எனவே ஒருநாள் வராததை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். கொறடாவின் உத்தரவை மீறிய இடங்களைத் தேடுங்கள். ஒருவருக்குச் சொந்தக் கருத்து உண்டா என்பது அங்கேதான் தெரியும். 2019 செப்டம்பரில் உடன்படிக்கையற்ற விலகலைத் தடுக்க வாக்களித்ததற்காக அப்போது ஆண்ட கன்சர்வேட்டிவ் கட்சி தன் உறுப்பினர்கள் 21 பேரை நாடாளுமன்றக் குழுவிலிருந்து நீக்கியது. அவர்கள் செய்தது சரியா என்பதில் நீங்கள் மாறுபடலாம், ஆனால் விலை கொடுத்துச் செய்தார்கள் என்பதை மறுக்க முடியாது.

பதிவில் விடை கிடைக்காவிட்டால் நேரே எழுதிக் கேளுங்கள். கடிதத்தில் உங்கள் முழு முகவரி இருக்க வேண்டும், ஏனெனில் தம் தொகுதிக்காரர் அல்லாதவருக்கு உறுப்பினர்கள் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. ஒரு கடிதத்தில் ஒரே கேள்வி போதும். 'ஆம்' அல்லது 'இல்லை' என்று பதிலளிக்கக்கூடியதாக அது இருக்கட்டும். கட்சி அலுவலகம் தயாரித்த பொதுப் பதில் வந்தால், அதே கேள்வியைத் தொகுதி மக்களைச் சந்திக்கும் நாளில் நேரில் போய்க் கேட்கலாம். இணைய மனுக்களில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. விலகல் அறிவிப்பைத் திரும்பப் பெறக் கோரிய 2019 மனுவில் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர்; அது ஒரு மாலை விவாதிக்கப்பட்டதோடு சரி.

அடுத்தது தொகுதிக் கணக்கு. அதிக வாக்கு பெற்றவரே வெல்லும் முறையில், நாடு தழுவிய வாக்கு விகிதத்துக்கும் கிடைக்கும் இடங்களுக்கும் தொடர்பு மெலிது. 2024 ஜூலைத் தேர்தலில் தொழிற்கட்சி 33.7 சதவீத வாக்கில் 650இல் 411 இடங்களைப் பிடித்தது. ரிஃபார்ம் கட்சிக்கு 14.3 சதவீதமும் 5 இடங்களும். அதைவிடக் குறைவாக 12.2 சதவீதம் பெற்ற லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு 72 இடங்கள். வாக்களித்தவர்களோ 60 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. ஆகவே உங்கள் தொகுதியின் சென்ற முடிவை எடுத்து, முதலிருவருக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பாருங்கள். லண்டன் ஹெண்டன் தொகுதியில் 2024இல் அது வெறும் 15 வாக்குகள். அத்தகைய இடத்தில் வெறுப்பில் வீட்டில் இருந்துவிடுவதும் ஒருவரை வெல்லவைப்பதே. பல்லாயிரம் வாக்கு இடைவெளி உள்ள தொகுதியில், மாறாக, பிடித்த சிறு கட்சிக்கு வாக்களிப்பதால் நீங்கள் இழப்பது ஏதுமில்லை. அந்த வாக்கு வீணும் அன்று. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகக் கோரிய யூகிப் கட்சி 2015இல் சுமார் 39 லட்சம் வாக்குகள் பெற்றும் ஒரே இடத்தைத்தான் வென்றது. ஆனாலும் அதன் வளர்ச்சி தந்த அச்சம், வாக்கெடுப்பு நடத்துவதாக அன்றைய பிரதமர் டேவிட் கேமரன் வாக்குறுதி தந்ததற்கான காரணங்களுள் ஒன்று.

சுயேச்சைகளை ஆதரிப்பவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு ஆதரிக்க வேண்டும். மேலே சொன்ன 21 பேரில் 2019 டிசம்பரில் சுயேச்சையாக நின்ற எவரும் வெல்லவில்லை. 1997 முதல் பீக்கன்ஸ்ஃபீல்டு உறுப்பினராக இருந்த டொமினிக் கிரீவும் தோற்றார். 2024இல் தொழிற்கட்சியின் முன்னாள் தலைவர் ஜெரமி கோர்பின் இஸ்லிங்டன் வடக்கில் சுயேச்சையாக வென்றார் என்றால், அவர் அத்தொகுதியை நாற்பது ஆண்டுகளாகக் கையில் வைத்திருந்தவர்.

யாருமே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்துவிட்டீர்களா? இந்தியாவில் 2013 முதல் உள்ள நோட்டா பொத்தான் போன்ற ஒன்று பிரித்தானியாவில் இல்லை. வாக்குச்சாவடிக்குப் போகாதவர் சோம்பேறியா, ஊரில் இல்லாதவரா, கோபக்காரரா என்று எவருக்கும் தெரியாது. செல்லாத வாக்குச்சீட்டோ எண்ணப்படுகிறது. எத்தனை சீட்டுகள், எந்தக் காரணத்துக்காக நிராகரிக்கப்பட்டன என்பதும் முடிவோடு வெளியிடப்படும். ஐயத்துக்குரிய சீட்டுகளை வேட்பாளர்களின் முகவர்களும் பார்ப்பார்கள் என்பதால், கட்சிக்காரர் கண்ணில் உங்கள் எதிர்ப்பு படுவதற்கு இதுவே நேர்வழி. செய்வதைச் சரியாகச் செய்யுங்கள். ஒரு வேட்பாளரின் கட்டத்துக்குள் மட்டும் எதையாவது எழுதினால், நோக்கம் தெளிவாக இருப்பதாகக் கொண்டு அதை அவருக்கான வாக்காகவே ஏற்றுவிடக்கூடும். எனவே சீட்டு முழுவதும் குறுக்கே எழுதுங்கள். பெயரையோ கையொப்பத்தையோ இடாதீர்கள், இட்டால் வாக்காளரை அடையாளம் காட்டும் சீட்டு என்ற வேறு தலைப்பில் அது போய்விடும்.

கட்சிமீது கோபம் இருக்கும்போது அதிலேயே சேரச் சொல்வது முரணாகத் தோன்றலாம். ஆனால் 2022இல் லிஸ் டிரஸ்ஸைப் பிரதமராக்கிய தேர்தலில் வாக்களித்தவர்கள் கன்சர்வேட்டிவ் கட்சி உறுப்பினர்கள் மட்டுமே: அவருக்கு 81,326, ரிஷி சுனக்குக்கு 60,399. ஒரு நாட்டின் பிரதமரை இவ்வளவு பேர் முடிவுசெய்ய முடியும் என்றால், ஆண்டுச் சந்தா கட்டிய உறுப்பினரின் வாக்கு பொதுத்தேர்தல் வாக்கைவிடக் கனமானது என்றுதான் சொல்ல வேண்டும். தொகுதி வேட்பாளரைத் தேர்வதிலும் உறுப்பினர்களுக்குப் பங்கு உண்டு. சேர்ந்தவுடன் வாக்குரிமை கிடைக்காமல் போகலாம் என்பதால் கட்சியின் விதிகளை முன்பே படித்துவிடுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். காமன்வெல்த் நாட்டவர் என்பதால், முறையான வதிவிட அனுமதியுடன் அங்கு வாழும் இந்திய, இலங்கைக் குடிமக்களுக்கும் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை உண்டு என்பது நம்மவர் பலருக்குத் தெரிவதில்லை. 2016 வாக்கெடுப்பிலும் அவர்கள் வாக்களித்திருக்கலாம். பிரான்ஸிலிருந்தோ டென்மார்க்கிலிருந்தோ அந்நாட்டுக் கடவுச்சீட்டுடன் லண்டனில் குடியேறிய தமிழருக்குத்தான், தம் எதிர்காலத்தையே தீர்மானித்த அந்த வாக்கெடுப்பில் இடமில்லாமல் போயிற்று. வாக்களிப்பு நாளுக்கு 12 வேலை நாட்களுக்கு முன் பதிவு முடிந்திருக்க வேண்டும். 2023 முதல் இங்கிலாந்தில் வாக்குச்சாவடியில் ஒளிப்பட அடையாள ஆவணம் கேட்கப்படுகிறது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுகளும் ஏற்கப்படும், படம் உங்கள் முகத்தோடு ஒத்திருந்தால் காலாவதியானதும் செல்லும். ஏற்கப்படும் ஆவணம் எதுவும் கையில் இல்லாதவர் வாக்காளர் சான்றிதழுக்கு இலவசமாக விண்ணப்பிக்கலாம். சாவடி இரவு 10 மணிக்கு மூடப்படும். அதற்குள் வரிசையில் வந்து நின்றுவிட்டவருக்குச் சீட்டு மறுக்கப்படாது.