வருகைப் பதிவை நீங்களே கணக்கு வைப்பது எப்படி? பிளஸ் டூ மாணவர்களுக்கு ஒரு செய்முறை

"அட்டென்டன்ஸ் குறையுது" என்று டிசம்பரில் வகுப்பாசிரியர் சொல்லும்போது பெரும்பாலான பிள்ளைகள் நம்புவதே இல்லை. "அவ்வளவு லீவ் நான் போடலையே மிஸ்" என்பார்கள். பதிவேட்டைத் திறந்து காட்டினால் சேர்ந்தாற்போல் பத்து நாள் என்று எங்கும் இருக்காது. இங்கே ஒரு திங்கட்கிழமை, அங்கே தீபாவளிக்கு மறுநாள், ஊர்த் திருவிழாவுக்கு இரண்டு நாள், மதியத்துக்கு மேல் வீட்டுக்குப் போன சில அரை நாட்கள். இப்படித்தான் சேர்ந்திருக்கும். ஆசிரியர் மட்டும் கணக்கு வைத்து, மாணவர் வைக்காமல் இருப்பதால் வரும் சிக்கல் இது. ஒரு காலண்டரும் பேனாவும் இருந்தால் போதும், இந்தக் கணக்கை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

படி 1: உங்களுக்கு எத்தனை சதவீதம் வேண்டும்?

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ படிப்பவர்களுக்கு ஒவ்வொரு பாடத்திலும் அகமதிப்பீட்டுக்கு 10 மதிப்பெண். அதில் 2 மதிப்பெண் வருகைக்கு. 80 சதவீதத்துக்கு மேல் வந்திருந்தால் இரண்டும் கிடைக்கும். 75 முதல் 80 வரை என்றால் ஒன்று. ஒரு பாடத்தில் ஒரு மதிப்பெண் என்பது சின்னதாகத் தெரியும். ஆறு பாடத்துக்கும் கூட்டிப் பாருங்கள். கட் ஆஃப் போடும் நாளில் அதன் அருமை தெரியும்.

சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால் 10, 12-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதவே 75 சதவீத வருகை வேண்டும். அந்தக் கணக்கை ஜனவரி 1-ஆம் தேதி வரை பார்ப்பார்கள். கடும் நோய், பெற்றோர் இறப்பு, தேசிய அளவிலான விளையாட்டுப் போட்டி போன்ற காரணங்களுக்குச் சலுகை கேட்கலாம். ஆனால் சான்றிதழ்கள் கையில் இருக்க வேண்டும்.

படி 2: ஒரு மாதக் காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள்

மளிகைக் கடையிலோ நகைக் கடையிலோ கொடுத்த காலண்டர் போதும். செயலி எதுவும் வேண்டாம். வீட்டில் எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டுங்கள். அம்மா அப்பாவும் பார்க்கட்டும்.

பள்ளி நடந்த நாளில் தேதிக்குக் கீழே ஒரு புள்ளி. நீங்கள் போகாத நாளில் வட்டம். அரை நாள் போகவில்லை என்றால் அரை வட்டம். பதிவேட்டில் முற்பகலுக்கும் பிற்பகலுக்கும் தனித்தனியாகத்தான் குறிப்பார்கள், அதனால் அரை நாளை விட்டுவிடாதீர்கள். "மதியம் வரைக்கும் இருந்தேனே" என்பது அரை நாள் வருகைதான்.

ஒன்றை முக்கியமாகக் கவனியுங்கள். மழைக்கு விட்ட விடுமுறையை ஈடுகட்டச் சில சனிக்கிழமைகளில் பள்ளி வைப்பார்கள். நிறைய பேர் அதைப் பாதி விடுமுறையாகவே நினைத்துவிடுகிறார்கள். அதுவும் வேலை நாள்தான். அன்று வராவிட்டால் அதுவும் ஒரு விடுப்பு.

மாதக் கடைசியில் உங்கள் எண்ணிக்கையை வகுப்பாசிரியரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தினமும் செயலியில் வருகையை ஏற்றுகிற ஆசிரியருக்கு இது இரண்டு நிமிட வேலை. விளையாட்டுப் போட்டிக்கோ, என்.எஸ்.எஸ். முகாமுக்கோ பள்ளியே அனுப்பிய நாட்கள் 'ஆப்சென்ட்' என்று பதிவாகியிருந்தால் அந்த மாதமே சொல்லித் திருத்திவிடலாம். அரையாண்டுத் தேர்வு முடிந்தபின் போய்ச் சொன்னால் யாருக்கும் நினைவிருக்காது.

படி 3: கணக்குப் போடுங்கள்

இதை மட்டும் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

சதவீதம் எடுப்பது எளிது: வந்த நாட்களை வேலை நாட்களால் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும். 80 வேலை நாட்களில் 66 நாள் வந்திருந்தால் 82.5 சதவீதம்.

சரி, குறைந்துபோனால் மேலே வர எத்தனை நாள் ஆகும்? 75 சதவீதத்துக்கு ஒரு சுருக்கமான வழி இருக்கிறது. வேலை நாட்களை 3-ஆல் பெருக்குங்கள். வந்த நாட்களை 4-ஆல் பெருக்குங்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். கிடைக்கும் எண்ணிக்கை அளவுக்கு இனி ஒரு நாள்கூட விடாமல் வர வேண்டும்.

80 வேலை நாட்களில் 54 நாள்தான் வந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 67.5 சதவீதம். 240-இல் 216 போனால் 24. அதாவது அடுத்த 24 நாட்கள் தொடர்ந்து வந்தால் 104 நாட்களில் 78 என்று சரியாக 75 சதவீதத்தைத் தொடுவீர்கள். ஐந்து நாள் வாரமாகப் பார்த்தால் ஏறக்குறைய ஐந்து வாரம்.

80 சதவீதம் வேண்டுமானால் அதே கணக்கில் 3-க்குப் பதில் 4, 4-க்குப் பதில் 5. அதே மாணவருக்கு 320-இல் 270 போக, 50 நாட்கள்!

இதிலிருந்து ஒன்று புரியும். 75-இல் நிற்பவர் போடும் ஒவ்வொரு லீவையும் ஈடுகட்ட மூன்று நாள் வர வேண்டும்; 80-இல் நிற்பவருக்கு நான்கு நாள். ஜூன், ஜூலையில் "இப்பதானே பள்ளி திறந்திருக்கு" என்று எடுக்கும் விடுப்பு பொங்கலுக்குப் பிறகு வந்து கழுத்தைப் பிடிப்பது இதனால்தான். அந்த நேரத்தில் ஈடுகட்ட நாட்களே மிச்சம் இருக்காது.

படி 4: விடுப்புக் கடிதத்தை அன்றே எழுதுங்கள்

போக முடியாத நாளில் காலையிலேயே வீட்டிலிருந்து ஒரு போன். திரும்பி வரும் நாளில் கையில் கடிதம். அனுப்புநர், பெறுநர், தேதி எல்லாம் போட்டு இப்படி எழுதினால் போதும்:

மதிப்பிற்குரிய அம்மா,
பொருள்: இரண்டு நாள் விடுப்பு வேண்டுதல் தொடர்பாக.
என் தம்பி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருப்பதால் அவனுடன் இருக்க வேண்டியுள்ளது. ஆதலால் இன்றும் நாளையும் எனக்கு விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.
இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி

கீழே பெற்றோர் கையொப்பம் கட்டாயம். அந்தக் கடிதத்தைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்தாற்போல் பல நாள் உடம்பு சரியில்லை என்றால் மருத்துவச் சான்று, மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் ஒரே கவரில் சேர்த்து வையுங்கள். அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள்.

எல்லா லீவுக்கும் "காய்ச்சல்" என்றே எழுதும் பழக்கம் நம் பள்ளிகளில் ஊறிப்போயிருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். அப்பாவுக்கு வேலை இல்லாததால் கேட்டரிங் வேலைக்குப் போனீர்களா, மாதவிடாய் வலி தாங்க முடியவில்லையா, ஒரு பாடத்தின் ஆசிரியரை நினைத்தாலே பயமா? அதை எழுத வேண்டாம், ஆனால் நம்பிக்கையான ஓர் ஆசிரியரிடம் நேரில் சொல்லுங்கள். காரணம் தெரிந்தால்தான் யாராலும் உதவ முடியும். பள்ளியில் சொல்ல ஆள் இல்லை என்றால் 14417 என்ற பள்ளிக் கல்வித்துறை உதவி எண் இருக்கிறது. வீட்டில் கல்யாணப் பேச்சு, கட்டாய வேலை என்று நிலைமை போனால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்.

படி 5: தாமதத்தையும் குறித்து வையுங்கள்

தாமதமாக வந்தாலும் பெரும்பாலும் வருகை கிடைத்துவிடும், அதனால் சதவீதத்தில் அது தெரியாது. வாரத்தில் இரண்டு நாள், 15 நிமிடம் தாமதம் என்றால் 40 வாரத்தில் 20 மணி நேரம். 40 நிமிடப் பாடவேளையாகப் பார்த்தால் 30 வகுப்புகள், அத்தனையும் முதல் பாடவேளையிலேயே போகும்.

பிரேயர் மணியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். பஸ் பாஸில் வருபவர்கள், சரியாகக் கொண்டுவிடும் பஸ்ஸை விட்டுவிட்டு அதற்கு முந்தைய பஸ்ஸைப் பிடியுங்கள். தண்ணீர் பிடிப்பது, தங்கையைப் பள்ளியில் விடுவது போன்ற வீட்டு வேலைதான் காரணம் என்றால் வாசலில் நிற்கவைத்துத் திட்டும் முன்பே வகுப்பாசிரியருக்குத் தெரியட்டும்.

படி 6: பல நாள் போகாமல் இருந்துவிட்டால்

2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழிப்பாடத் தேர்வுக்குச் சுமார் 50 ஆயிரம் பேர் வரவில்லை. அவர்களில் பலர் பல மாதங்களாகவே பள்ளிப் பக்கம் வராதவர்கள். முதலில் ஒரு வாரம் போகாமல் இருந்து, "இப்ப போனா கேப்பாங்களே" என்ற கூச்சத்திலேயே அது ஒரு மாதமாக நீண்டுவிடும்.

நீங்கள் அந்த நிலையில் இருந்தால், நாளைக்கே பெற்றோரில் ஒருவரையோ சித்தி, மாமா யாரையாவதோ கூட்டிக்கொண்டு போங்கள். பிரேயர் நேரத்தைத் தவிர்த்து, முதல் இடைவேளையில் போனால் கூட்டத்துக்கு நடுவே நிற்க வேண்டியிருக்காது. முதலில் வகுப்பாசிரியர், அப்புறம் எச்.எம். விளக்கம் நீளமாக வேண்டாம். "இந்தக் காரணத்தால் இத்தனை நாள் வரவில்லை, இனி வருகிறேன், நான் எங்கிருந்து தொடங்கணும்?" என்று கேளுங்கள். விட்ட பாடம் முழுவதையும் எழுதி முடித்துவிட்டு வகுப்புக்குப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். நண்பரின் நோட்டைப் படம் எடுத்துக்கொண்டு, அன்று நடக்கும் பாடத்திலிருந்தே தொடருங்கள். பழையதை ஒரு நாளைக்கு ஒரு பாடம் என்று மாலையில் பிடித்துக்கொள்ளலாம். செய்முறைத் தேர்வுக்கான ரெக்கார்டு நோட்டை மட்டும் அந்த வாரமே கேட்டு வாங்கி எழுதத் தொடங்கிவிடுங்கள்.